மாடியில் உயிரோடு, கீழே மெழுகில்

எலியின் விழித்திரையைப் பார்க்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வழி உண்டு. எலி உயிரோடு இருக்கும்போது மாடியில் மெஷின் முன்னால் வைத்துப் படம் எடுப்பார்கள். அதே எலியைக் கொன்ற பிறகு கீழ்த்தளத்தில் கண்ணை எடுத்து, மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மாடியில் இருப்பவர்கள் கீழ்த்தளத்தைக் கசாப்புக் கடை என்பார்கள். கீழே இருப்பவர்கள் மாடியை போட்டோ ஸ்டூடியோ என்பார்கள். இரண்டு பெயரும் பொருத்தமானவைதான்.

நான் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் எலியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறவள். படித்தது எம்.எஸ்சி. விலங்கியல். வேலைக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்று பெயர். மரக்காணத்தில் உப்பளக் குடும்பத்தில் பிறந்தவள். வேலைக்கு எடுக்கும்போது அது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் தெரிந்ததும், என்னமோ புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவர்களுக்கு.

மாடியில் மெஷினைத் தன் பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி பார்த்துக்கொள்ளும் ஒரு மேடம் இருக்கிறார். வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர். எலியைத் தொடமாட்டார். நான்தான் மயக்க ஊசி போட்டு, கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டு, மேடையில் படுக்க வைத்து, தலையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மயங்கின எலி இமைக்காது. கண் காய்ந்து மங்கிப் போகும். மங்கின கண் வழியாக எடுத்த படத்தில் மெஷின் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டு, விழித்திரை மெலிந்துவிட்டது என்று சிவப்பு காட்டும். அதனால் சொட்டு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேடம் போனில் பேசிக்கொண்டே இருப்பார். சிவப்பு வந்தால் "ஏன் காய விட்ட?" என்பார். பச்சை வந்தால் "பியூட்டிஃபுல்" என்பார். எலியைச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. தன் படத்தைச் சொல்கிறார்.

"செத்த கண்ணுல என்ன தெரியும்? நான் இன்னைக்கு ஒரு படம் எடுக்கறேன், அடுத்த வாரம் அதே எலிக்கு இன்னொரு படம் எடுக்கறேன். நோய் எப்படி நகருதுன்னு என்னாலதான் சொல்ல முடியும்" என்பது அவர் வாதம். சரியான வாதம். சரியான வாதத்தைக்கூட எதிரில் இருப்பவனுக்கு எரிச்சல் வரும்படி சொல்ல அவரால் முடியும்.

கீழ்த்தளத்தில் இருப்பவர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சீவிச் சீவியே ஓய்வு பெற்று, மறுபடி இங்கே வந்து சீவுகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். "நீங்க நெழலப் பாக்கறீங்க. நான் பொருளப் பாக்கறேன்" என்பார். பொருளாம். கண்ணை எடுத்துப் பார்மலினில் போட்டதும் அது சுருங்குகிறது. விழித்திரை பின்சுவரை விட்டுக் கழன்று, ஈரத்தில் ஊறின சுவரொட்டி மாதிரி தொங்குகிறது. கத்தி பட்டால் கிழிகிறது. கிழிந்த ஸ்லைடுகளை ஓரம் கட்டிவிட்டு, கிழியாத ஒன்றைக் காட்டி இதுதான் உண்மை என்பார். "இது நோயாண்ணா, உங்க கத்தியாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஒரு காரியம் மட்டும் அவர் தவறாமல் செய்வார். செத்த எலியின் கண்ணை வெளியே எடுக்கும் முன்னால், மேல்பக்கத்து வெள்ளையில் கருப்பு நூலால் ஒரு தையல் போடுவார். வெளியே வந்த பிறகு எலிக் கண் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. மேல் எது, கீழ் எது என்று எலிக்கே தெரியாது. நூல்தான் சொல்லும்.

மேடம் கீழே வரமாட்டார், வாடை. அண்ணன் மாடி ஏறமாட்டார், முட்டி வலி என்று பெயர். முட்டி வலிக்காரர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவர்கள் இரண்டு பேருக்கும் மேலே சார். இந்த ஆராய்ச்சி அவருடையது. அதிக வெளிச்சம் பட்டால் விழித்திரை எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பது. வெள்ளெலிகளைக் கூண்டில் போட்டு, சுற்றிலும் பளீரென்று விளக்கு போட்டு, பிறகு கண்ணைப் பார்ப்போம். அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் சார் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அவருடைய முதல் ஸ்லைடில் ஒரு உப்பளம் வரும். பாத்திக்குள் குனிந்து பலகையால் உப்பு வாரும் ஒரு பெண்ணின் முதுகு. ஈ.சி.ஆரில் போகும்போது காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி எடுத்த படம். "இந்த மக்கள் தினமும் இந்த வெளிச்சத்தில்…" என்று ஆரம்பிப்பார். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் கையில் டீயோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாவிட்டால் என்ன, அந்த முதுகு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு முதுகு. அந்த அம்மாவுக்குத் தன் முதுகு டெல்லிவரை போய்வந்தது இன்னும் தெரியாது.

வெள்ளெலியின் கண்ணில் நிறமே கிடையாது. டியூப் லைட்டை உற்றுப் பார்த்தாலே கெட்டுப்போகிற கண் அது. எங்கள் ஆட்களின் கண் கருகருவென்று இருக்கும். இதை சாரிடம் சொன்னேன். "லிமிடேஷன்ஸ்ல எழுதிடலாம்" என்றார். கூடவே, "நீ அந்தக் கம்யூனிட்டியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து மரக்காணம் பக்கம் கண் முகாம் போட்டால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போவார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு.

இந்தச் சமயத்தில்தான் என் அக்காவின் இடது கண் கெட ஆரம்பித்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சோடா பாட்டில் கண்ணாடி போட்டவள். கல்யாணமாகி மாமாவோடு உப்பு வாரப் போன பிறகு கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. "உப்புப் பூத்துடுதுடி. தொடச்சா கீறுது. கண்ணாடியத் தொடைக்கறதா, உப்பு வார்றதா?" என்பாள். கண்ணாடி இல்லாமலேயே வரப்பில் ஓடுவாள்.

அப்படி ஓடுகிறவள் ஒருநாள் வரப்பில் தடுக்கி விழுந்தாள். கை சிராய்த்துக்கொண்டது. உப்பில் கை சிராய்த்தால் எப்படி எரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் கையைப் பற்றிப் பேசவில்லை.

"கீழ கருப்பா இருக்குது. முந்தானை வந்து கண்ணுல விழுந்த மாதிரி. தள்ளி உட்டாலும் போவல."

"எவ்வளவு நாளா?"

"இப்பத்தான். அதுக்கு முன்னாடி ஓரமா மின்னி மின்னிப் போச்சி. வெயில்னு நெனச்சேன்."

எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் எது வந்தாலும் காரணம் ஒன்றுதான். உப்பு. கண் சிவந்தால் உப்பு, பீளை வந்தால் உப்பு, வயதாகிப் புரை விழுந்தாலும் உப்பு. அக்கா சொன்னதைக் கேட்ட மறு நிமிஷம் தெருவே வைத்தியம் சொன்னது. மாமா கத்தாழையைக் கீறிக்கொண்டு வந்து நின்றார். அதைக் கண்ணில் வைத்துக் கட்டினாள் அக்கா. அவிழ்த்தபோது கருப்பு அப்படியே இருந்தது, கூடவே அரிப்பும் வந்தது.

அந்த வாரமே எங்கள் முகாம் மரக்காணத்துக்கு வந்தது. கல்யாண மண்டபத்தில், தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்ன ஸ்கேன் மெஷினோடு. நான் வாசலில் ஒரு கிழவருக்குத் தமிழைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு மாமா உள்ளே போனார். மெஷின்காரப் பையன் அவள் தாடையைத் தூக்கி மேடையில் வைத்து, கண்ணின் நடுவைப் படம் எடுத்தான். "கீழதாம்பா தெரியல" என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரி என்று கொஞ்சம் கீழேயும் எடுத்தான். எல்லாம் பச்சை.

"நடுவுலயும் நல்லா இருக்குதும்மா, கீழயும் நல்லா இருக்குது. வெயில் கூச்சந்தான்" என்று சொல்லி, கையில் ஒரு கருப்புக் கண்ணாடியைக் கொடுத்து, அதைப் போட்டு நிற்க வைத்து போட்டோவும் எடுத்துக்கொண்டு அனுப்பினான். சாருடைய இரண்டாவது ஸ்லைடுக்கு ஆயிற்று.

அன்று வீட்டில் அந்த அச்சடித்த படத்தை நானும் பார்த்தேன். பச்சை. சொல்ல ஒன்றும் இல்லை.

"டாக்டரே சொல்லிட்டாரு" என்றார் மாமா. அவன் டாக்டர் இல்லை என்றேன். "வெள்ளக் கோட்டு போட்டிருந்தானே" என்றார். வெள்ளைக் கோட்டு நானும்தான் போடுகிறேன். என்னிடம் யாரும் கண்ணைக் காட்டியதில்லை.

கருப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அதை அளக்க ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் வாசலில் மாமாவை நிற்கச் சொல்லி, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்ப்பாள்.

"நேத்து உன் முட்டி தெரிஞ்சிது. இன்னிக்கி லுங்கியே இல்ல."

"காலங்காத்தால இன்னா பேச்சு பேசற நீ?"

"நெசமாத்தான் சொல்றேன். கட்டிகினுதான் இருக்கிறியா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அடுத்தடுத்த நாள் இடுப்பு போயிற்று, அப்புறம் தொப்பை. முகத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கண் அவ்வளவுதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை. வெயில் உச்சத்தில் இருந்தது, உப்பு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாரப் போனாள். மற்ற பெண்கள் சினிமாக்காரி வர்றா என்றார்கள். வேலைக்குச் சாக்கு தேடுகிறாள் என்றும் ஒருத்தி சொன்னாள்.

இங்கே இது நடக்க, ஆய்வுக்கூடத்தில் வேறொரு கூத்து. வெளிச்சம் பட்ட எலிகளின் முடிவு வந்துவிட்டது. அண்ணனுடைய சீவல்களில் விழித்திரையின் மேல் பாதி அரித்துப் போயிருந்தது. வெளிச்சத்தை வாங்கும் செல்கள் அங்கே வரிசை வரிசையாகக் காணோம். கீழ் பாதி சுத்தமாக இருந்தது. மேடத்தின் படங்களில் அதே எலிகளுக்குக் கீழ் பாதி மெலிந்திருந்தது, மேல் பாதி நன்றாக இருந்தது.

"உங்க கத்தியில கிழிஞ்சதை எல்லாம் நோய்னு எண்ணிட்டீங்க" என்று மேடம் என்னிடம் சொல்லி அனுப்பினார். "கண்ணு காஞ்சி போன எலியப் படம் புடிச்சிட்டு சயின்ஸ் பேசறாங்களாம்மா?" என்று அண்ணன் என்னிடம் சொல்லி அனுப்பினார். எலியோடு சேர்த்து இவர்கள் வசவையும் நான்தான் சுமந்தேன்.

சார் பெரிய மனது பண்ணித் தீர்ப்பு சொன்னார். "எதுக்கு சண்டை? ரெண்டையும் சேர்த்து ஆவரேஜ் எடுத்துடலாமே." எடுத்தோம். மேல் பாதியில் அண்ணன் கண்ட கேட்டை மேடம் கண்ட நல்லது சரிக்கட்டியது, கீழ் பாதியில் மேடம் கண்ட கேட்டை அண்ணன் கண்ட நல்லது சரிக்கட்டியது. எலிக்கு நோயே இல்லாமல் போய்விட்டது. சார் முகம் தொங்கிப் போயிற்று. நோய் இல்லையென்றால் ஆராய்ச்சி இல்லை, உப்பளத்து முதுகும் இல்லை. இவ்வளவு படித்த ஒரு ஆள் இப்படி ஒரு யோசனை சொல்வதற்கு எத்தனை வருஷம் படிக்க வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். ஒரு எலியின் விழித்திரையைச் சீவாமல் முழுசாக உரித்து, ஓரத்தில் வெட்டு கொடுத்து, பூ இதழ் மாதிரி கண்ணாடியில் விரித்துவிடுவது. அதில் ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும். உயிரோடு இருந்தபோது எடுத்த படத்திலும் அதே குழாய்கள் தெரியும். ரேகை பார்க்கிற மாதிரி ஒப்பிட்டுவிடலாம். அதைச் செய்தார். சார் அறையில் மேடம் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே மேஜையில். நடுவில் விரித்த விழித்திரையின் பெரிய படம், நூல் இருந்த பக்கத்து இதழ் மேலே. பக்கத்தில் மேடத்தின் படம்.

குழாய்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மேலே கவட்டை மாதிரிப் பிரிகிற குழாய் இன்னொன்றில் மேலே இல்லை. இது வேற எலி என்றார் மேடம். எலி மாத்தறதுக்கு நான் என்ன ரேஷன் கடையா நடத்தறேன் என்றார் அண்ணன். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று காலை அக்கா போனில் சொன்னதே காதில் இருந்தது. "தொப்பைக்கு மேல வந்துடுச்சிடி. நெஞ்சு இல்ல." இவர்கள் சத்தம் தாங்காமல், மேஜையை ஒழித்துவிட்டுப் போகலாம் என்று மேடத்தின் படத்தை என் பக்கம் இழுத்தேன். காகிதம் அரைச் சுற்று சுற்றி, தலைகீழாக வந்து விழுந்தது. கவட்டைக் குழாய் மேலே வந்தது. பக்கத்தில் இருந்த வளைவு, அதற்கடுத்த சின்னக் கிளை, எல்லாம் அண்ணனின் பூவில் இருப்பதைப் போலவே.

மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தார்.

"நூல் தப்பா கட்டியிருப்பீங்க" என்றார் மேடம்.

"ஏம்மா, எலிக்கு முதுகு மேல இருக்கும், வயிறு கீழ இருக்கும். இதுல தப்பு பண்றதுக்கு இன்னா இருக்குது? உங்க படந்தான் சிரசாசனம் பண்ணுது."

மேடம் எழுந்து மாடிக்குப் போனார். பின்னாலேயே சாரும் நானும். அண்ணனும் ஏறினார், முட்டி அன்று வலிக்கவில்லை. மேடம் மெஷினில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். மென்பொருளைப் புதிதாக ஏற்றியபோது, படத்தை அரைச் சுற்று சுற்றித் தலைகீழாக்கும் ஒரு டிக் விழுந்திருந்தது. அதைப் பார்த்தார், எடுத்தார், பக்கத்தை மூடினார்.

சார்தான் பேசினார். "அப்போ உயிரோட எடுத்ததும் லேப்ல பார்த்ததும் மேட்ச் ஆகுது. எக்ஸலண்ட். கம்பேரிசனையே தனி பேப்பராப் போட்டுடலாம்." ஒரு பருவம் முழுக்கத் தலைகீழாக நின்றதற்கு இவர்களுக்கு ஒரு பேப்பர் கிடைத்தது.

நான் அங்கேயே நின்றேன். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற விஷயம். கண்ணுக்குள் விழும் படம் தலைகீழாகத்தான் விழும். கீழே இருப்பதைப் பார்ப்பது விழித்திரையின் மேல் பாதி. பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அக்கா கீழே தெரியவில்லை என்றாள். முகாமில் அவன் கீழே படம் எடுத்தான்.

"மேடம், கேம்ப்புல மேல் பக்கம் ஸ்கேன் எடுத்தாங்களா?"

"மேல எதுக்கு? பேஷண்ட் கீழன்னு சொன்னா கீழதானே…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கை மெஷின் மேலேயே இருந்தது. "எந்தப் பேஷண்ட்?"

"எங்க அக்கா. கீழேர்ந்து கருப்பு ஏறுது."

"மின்னுதுன்னு சொன்னாங்களா?"

"முன்னாடி."

"இன்னைக்கே கூட்டிட்டுப் போ. இங்க இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஓடு."

அந்த ஒரு வார்த்தைக்காக மேடத்தைக் கொஞ்சம் மன்னித்திருக்கிறேன். முழுசாக இல்லை.

பஸ்ஸில் போகும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் மறக்கவில்லை. எலிக்கு மாடியில் தப்பாகப் பார்த்தால் கீழ்த்தளத்தில் அறுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். அக்காவுக்குக் கீழ்த்தளம் கிடையாது. உயிரோடு எடுக்கிற அந்த ஒரு படம்தான். அதையும் ஒழுங்காகப் பார்க்காமல் கையில் கருப்புக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா பாத்தியில் இருந்தாள். மாமா குவியலுக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தார்.

"கெளம்பு. பாண்டிச்சேரி போறோம்."

"இன்னாடி இது, திடுதிப்புனு? இந்தப் பாத்திய இன்னிக்கி வாரியாவணும்."

"பாத்தி கெடக்கட்டும். உனக்குக் கெட்டது மேல இருக்குது. அவனுங்க கீழ பாத்துட்டுப் போயிருக்கானுங்க."

"நான் கீழன்னுதானே சொன்னேன்?"

"நீ சரியாத்தான் சொன்ன."

மாமா ஓலையைக் கீழே போட்டார். "ஏம்மா, நல்லா இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, நீ எலி டாக்டரு வந்து வேற கதை சொல்ற?"

"ஆமா மாமா, எலி டாக்டருதான். எலிக்கு இருக்கிற மரியாதைகூட உங்க பொண்டாட்டிக்கு இல்ல. எலிய ரெண்டு வாட்டி பாக்கறாங்க."

மாமா இடுப்பிலிருந்து பைக் சாவியை எடுத்தார். பிறகு, "வண்டியில மூணு பேரு போவ முடியாது. நீ பஸ்ல வா, நான் இவள இட்டுகினு முன்னாடி போறேன்" என்றார். அவரிடம் நான் எதிர்பார்த்ததற்கு அது எவ்வளவோ மேல்.

"மெதுவா ஓட்டுங்க, தலை குலுங்கக் கூடாது" என்றேன்.

"அந்த ரோட்டுலயா?" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். ஸ்கேன் மெஷின் பக்கமே போகவில்லை. சொட்டு விட்டு, பாப்பா விரியும்வரை உட்கார வைத்து, அக்காவைப் படுக்க வைத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தைப் பார்க்கக் கண்ணை வெளியிலிருந்து அழுத்தினார். அக்கா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல கிழிஞ்சிருக்கும்மா. அது வழியா தண்ணி பூந்து திரை கழண்டு கீழ இறங்கிட்டு வருது. நடு இன்னும் ஒட்டிட்டு இருக்கு. நடு கழண்டா பார்வை போயிடும். இப்படியே மல்லாந்து படுத்திருங்க, எழுந்திருக்கக் கூடாது. காலையில முதல் ஆபரேஷன்."

"உப்புலயே வேல செய்றதுங்க. அந்த வெளிச்சத்துல…" என்று மாமா இழுத்தார்.

"உப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பவர் அதிகம் உள்ள கண்ணு. நீளமா இருக்கும், திரை ஓரத்துல மெலிஞ்சி போயிருக்கும். கண்ணாடி போட்டவங்கதானே? எங்க கண்ணாடி?"

சாருடைய ஆராய்ச்சி, எங்கள் தெருவின் வைத்தியம், கத்தாழை, கருப்புக் கண்ணாடி, எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரே மூச்சில் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். என் வாழ்நாளில் அவ்வளவு திருப்தியாக ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை.

நடு தப்பித்தது. கிழிசலை ஒட்டி, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டுத் திரையைச் சுவரோடு அமுக்கி வைத்தார்கள். குமிழி கரையும்வரை தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், குனியக் கூடாது. குனியாமல் உப்பு வார முடியாது. அந்தப் பருவம் அவளுக்கு முடிந்தது. இப்போதும் அந்தக் கண்ணில் அடியோரம் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. ஆனால் மாமாவின் லுங்கி தெரிகிறது. அதை அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

குமிழி பாதி கரைந்த சமயம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"கீழ என்னமோ ஆடுதுடி. கொத்தனார் ரசமட்டம் மாதிரி."

"அதான் குமிழி. அது மேல இருக்குது."

"கீழதான் ஆடுது."

"உனக்குக் கீழ தெரியுது. இருக்கிறது மேல."

"போடி. உங்காளுங்க சொல்ற மேல கீழ எதையும் இனிமே நான் நம்பறதா இல்ல."

முகாம்களில் பாப்பா விரியச் சொட்டு விட்டு ஓரம்வரை பார்க்கச் சொல்லி சாரிடம் கேட்டேன். நேரம் எடுக்கும் என்றார். கூட்டம் நின்றால் போட்டோ நன்றாக வரும், நகர்ந்தால் எண்ணிக்கை நன்றாக வரும். கண்ணைப் பார்த்தால் என்ன வரும்? நடுவை மட்டும் எடுத்து, பச்சை என்று சொல்லி, கருப்புக் கண்ணாடி கொடுப்பது இன்னும் நடக்கிறது. அந்த முதுகும் முதல் ஸ்லைடில் இருக்கிறது. நான் இப்போது எங்கள் பக்கத்து முகாமுக்குப் போனால், யாராவது கருப்பாகத் தெரியுது, மின்னுது என்று சொன்னால் வரிசையை விட்டு வெளியே இழுத்து, நேராக பஸ் ஏற்றிவிடுகிறேன். சாருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அக்கா விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிற்று. ஒருநாள் கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு கனிவு.

"உங்க அக்காவை ஒரு தடவை கூட்டிட்டு வாயேன். மாடியில ஒரு படம் எடுத்துக்கலாம். நம்ம ஸ்டடிக்கு ஒரு ஹ்யூமன் கேஸ் இருந்தா நல்லா இருக்கும்."

அந்தக் கண் கெட்டது வெளிச்சத்தால் இல்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். உப்பளத் தொழிலாளிதானே என்றார்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் புதுக் கண்ணாடியைக் காதோடு சேர்த்துக் கட்ட ரிப்பனில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பாத்திக்குத் திரும்பும்போது போடுவதற்கு. பக்கத்தில் துடைக்க ஒரு நல்ல தண்ணீர் பாட்டிலும் எடுத்து வைத்திருந்தாள்.

"மாடியில படம் எடுப்பாங்களா?"

"ஆமா."

"எடுத்துட்டு அப்புறம் கீழ கூட்டிகினு போவாங்களா?"

"கீழ எலிக்கு மட்டுந்தான்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எதுக்கும் அத ஒரு தபா நல்லா கேட்டுகினு வா."